ஃப்ரீசரில் குளிர் குறைந்தால்: இன்மை பற்றிய ஒரு விசாரணை

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஐஸ்கிரீம் குழைந்து, மீன் பாக்கெட்டின் ஓரம் விரலுக்கு அழுந்தத் தொடங்கியதும், குளிர் எங்கோ கசிந்து போய்விட்டதாகவே வீட்டார் எண்ணுகிறார்கள். பழுதைத் தேடும் கையும் அந்த எண்ணத்தோடுதான் நகர்கிறது. குளிர் என்பது கசிந்து போகக்கூடிய ஒன்றா, வெப்பம் இல்லாத நிலை மட்டும்தானா? விடையைப் பொறுத்துத் தேடும் திசையே மாறுகிறது.

இந்தக் கேள்வி பழையது. இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர் இன்மையைத் தனிப் பதார்த்தமாக எண்ணி ஆராய்ந்தவர்கள். இருளை அவர்கள் ஒளியின் இன்மை என்றார்கள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் அதை மறுத்து, இருள் ஒரு திரவியம் என்றார்கள். ஆனால் குளிரை வைசேடிகர் இன்மையின் கணக்கில் சேர்க்கவில்லை. தண்மை நீருக்கு இயல்பான தொடுகுணம், வெம்மை தீயினுடையது, மண்ணும் காற்றும் இரண்டும் அற்றவை என்று வகுத்தார்கள். கொதிநீரின் சூடுகூட நீருடையது அன்று, அதில் புகுந்த தீயின் அணுக்களுடையது. தோலில் குளிர் அவ்வளவு அழுத்தமாகப் படுவதால் இந்த முடிவு இயல்பானதுதான். இருளுக்குச் சொன்ன நியாயத்தையே குளிருக்கும் நீட்டியிருந்தால் அது இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

ஐரோப்பாவிலும் இதே தயக்கம் நெடுநாள் நீடித்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் கசாந்தி குளிரணுக்கள் உண்டு என்று கருதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெனீவாவில் இயற்பியலாளர் பிக்தே இரண்டு குழியாடிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் குவியத்தில் பனி நிறைந்த குடுவையையும் மற்றதன் குவியத்தில் வெப்பமானியையும் வைத்தார். வெப்பமானி உடனே இறங்கியது. குளிர் கதிராகப் பாய்ந்து வந்து பிரதிபலித்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றே தோன்றும். 1791இல் இன்னொரு இயற்பியலாளரான பிரெவோ வேறு விளக்கம் தந்தார்: எல்லாப் பொருள்களும் எந்நேரமும் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன; பனியிடமிருந்து பெறுவதைவிட அதற்குக் கொடுப்பது அதிகம் என்பதால் வெப்பமானி இறங்குகிறது. பாய்ந்தது வெப்பமே.

ஃப்ரீசரும் குளிரை உண்டாக்குவதில்லை. கூலிங் காயிலுக்குள் கேஸ் திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி, கண்டென்சர் வழியே அதே வெப்பத்தை அறைக்குள் தள்ளுகிறது. இடைவிடாமல் உள்ளே வரும் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றும் வேலை இது. மின்சாரம் நின்றால் இந்த வேலையும் நிற்கும். 1998இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு பெரிய கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, பிப்ரவரி 20ஆம் தேதி கடைசியும் செயலிழந்தது. மையப் பகுதி ஏறக்குறைய ஐந்து வாரம் மின்சாரமின்றித் திண்டாடியது. மின்சாரம் நின்ற நிமிடமே எந்த ஃப்ரீசரும் இளகிவிடாது. நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் தாங்கும். உள்ளே நுழையும் வெப்பம் உறைந்த பொருளை இளக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஆக்லாந்தின் குளிர்காலத்தில் நேரும் ஒரு பழுது இந்தக் கேள்விக்கு நேரடியான சோதனை. அங்கே இரண்டாவது ஃப்ரிட்ஜை கராஜில் வைப்பது வழக்கம். ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் ஒன்றாக உள்ள பல பெட்டிகளில் தெர்மோஸ்டாட் ஒன்றே, அதுவும் ஃப்ரிட்ஜ் பகுதியில் இருக்கும். ஜூலை இரவில் கராஜ் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும்போது ஃப்ரிட்ஜுக்குள் வெப்பம் அரிதாகவே நுழைகிறது. தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை எழுப்புவதே இல்லை. அந்த ஏழெட்டு டிகிரியும் மைனஸ் 18க்கு நல்ல சூடுதான் என்பதால் ஃப்ரீசர் மெல்ல இளகுகிறது. சுற்றுப்புறம் குளிர்ந்ததால் ஃப்ரீசர் சூடாகிறது! குளிரை ஒரு பொருளாக எண்ணுபவருக்கு இது புதிர்; வெப்பத்தின் கணக்கைப் பார்ப்பவருக்கு உடனே விளங்கும். பெட்டியை வீட்டுக்குள் நகர்த்தினால் போதும், ரிப்பேர் தேவையில்லை.

ஆகவே ஆராயும் வரிசையும் வெப்பம் நுழையும் வழியில் தொடங்கி, வெளியேறும் வழியில் முடிய வேண்டும். முதலில், பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு வெப்பமானியை ஓரிரவு வைத்து உண்மையான அளவை அறிய வேண்டும். அடுத்தது கதவு ரப்பர்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. கண்டென்சரில் தூசி படிந்திருந்தாலும், பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தாலும் வெப்பம் வெளியேற வழியில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிர் பற்றாவிட்டால் சந்தேகம் உறைபனியின் மேல் விழுகிறது. ஆக்லாந்தின் காற்று ஈரமானது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நுழையும் நீராவி கூலிங் காயிலில் பனியாகப் படிகிறது. காயிலின் தகடுகளுக்கிடையே பனி கெட்டியாக அடைத்துக்கொண்டதும் ஃபேன் சுழன்றாலும் காற்று போவதில்லை. காயில் மைனஸ் 25இல் இருக்கும், அலமாரியிலோ பட்டாணி இளகிக்கிடக்கும். பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வகை ஃப்ரீசர்களில் இந்தப் பனி பின்பலகைக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. இங்கே இன்மைக் கொள்கை மட்டும் போதாது. குளிர் இன்மைதான், அந்த இன்மையைக் கெடுப்பதோ எடை பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய ஒரு பொருள்.

சைவ சித்தாந்தம் அறியாமை பற்றி எடுக்கும் நிலை இதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆணவம் அறிவின் வெறும் இன்மை அன்று, உயிரின் அறிவை மறைக்கும் உள்பொருள் என்பது அதன் உறுதியான கொள்கை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய திருவருட்பயனில் ‘இருண்மல நிலை’ என்று ஓர் அதிகாரமே இதற்கு உண்டு. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்பது அங்கே வரும் நுட்பமான கருத்து. அத்வைதமும் அவித்தையை வெறும் இன்மை என்று சொல்வதில்லை. ஆனால் அது அறிவினாலேயே நீங்கும் என்கிறது. 12ஆம் நூற்றாண்டின் அகோரசிவர் முதலான ஆகம ஆசிரியர்கள் இங்கே பிரிகிறார்கள். ஆணவம் என்னும் மலம் திரவியம் என்றால் அதைப் பற்றி அறிவதால் மட்டும் அது விலகாது. கண்புரையை மருத்துவர் கருவியால் நீக்குவதுபோல் தீட்சை என்னும் செயல்தான் நீக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பனி அடைத்த காயிலைப் பொறுத்தவரை இந்த வாதமே வெல்கிறது. காரணம் தெரிந்துவிட்டது என்பதால் ஒரு துளி பனியும் உருகாது.

உருக்கும் முறை எளிது. பிளக்கைப் பிடுங்கி, உணவை வேறு குளிர்ப்பெட்டிக்கு மாற்றி, கதவைத் திறந்து ஒரு நாள் விட வேண்டும். கத்தியால் பனியைக் குத்தக் கூடாது. குழாய் கிழிந்தால் கேஸ் வெளியேறிவிடும். இன்றைய வீட்டு ஃப்ரீசர்கள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. உருக்கிய பின் சில நாள் நன்றாக ஓடி, மறுபடியும் இளகத் தொடங்கினால் டிஃப்ராஸ்ட் ஹீட்டர், அதன் சென்சர் அல்லது டைமர் செயலிழந்திருக்கிறது. மாறாக, கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடியும் காயிலின் தொடக்கத்தில் மட்டும் பனி இருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது. அதைத் தகுதி பெற்ற டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும்.

மலம் அழியாது, அதன் சக்தி மட்டுமே அடங்கும் என்பது தமிழ்ச் சித்தாந்தத்தின் முடிவு. முத்தியிலும் மலம் இருக்கும், மறைக்கும் வலி இராது. ஃப்ரீசருக்குள் நீராவி நுழைவதையும் ஒரேயடியாகத் தடுக்க முடியாது. பழுதற்ற ஃப்ரீசரிலும் காயிலில் பனி படிந்துகொண்டேதான் இருக்கிறது; டிஃப்ராஸ்ட் ஹீட்டர் நாளுக்கு ஓரிரு முறை சூடேறி, அது அடைப்பாக வளர்வதற்குள் உருக்கிக் கீழ்த்தட்டில் வடித்துவிடுகிறது.