நுகத்தடி நுனியும் இறக்கை நுனியும்

தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவன் கையால் தீங்கு நேர்ந்தால் அதன் பொறுப்பு அவனைச் சேருமா என்னும் பழைய அறக் கேள்வி, இன்று விமானத் தரிப்பிடங்களிலும் எழுகிறது. 2024 ஏப்ரல் 6 அன்று லண்டன் ஹீத்ரோவில், பயணிகளின்றி இழுவை வண்டியால் நகர்த்தப்பட்ட வேர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 787 விமானத்தினுடைய இறக்கை நுனி, அசையாது நின்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் உரசியது. இழுவை வண்டிச் சாரதி விமானத்தின் மூக்கருகே தாழ அமர்ந்திருப்பவர். சுமார் 60 மீற்றர் அகலத்துக்கு விரிந்த இறக்கைகளின் முனைகள் அவர் கண்ணுக்கு எளிதில் எட்டாதவை என்பதால், பக்கவாட்டில் நடந்து இடைவெளியைக் கவனித்துச் சைகை காட்டும் பணியாளர்கள் அமர்த்தப்படுவதுண்டு.

அந்த அறக் கேள்விக்கு விடையாக, இலங்கையில் வேரூன்றிய தேரவாத பௌத்தம், சேதனா எனப்படும் மன எண்ணமே கன்மம் என்கிறது. தம்மபத உரையின் முதற்கதையில், பார்வையற்ற சக்குபால தேரர் நடக்கையில் பூச்சிகள் மிதிபட்டு இறந்தும், கொல்லும் எண்ணமில்லாத அவர்மேல் பழியில்லை எனப் புத்தர் விளக்குகிறார். சமணமோ அவ்வளவில் விடுவதில்லை. பிரமாதம் எனப்படும் கவனக்குறைவால் உயிரைப் பிரிப்பதையே அது இம்சை என வரையறுக்கிறது.

இக்கேள்விக்கு மிக அணுக்கமான வழக்கு இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் உள்ளது. அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் சேதியகிரிக்குச் சென்ற பயணத்தில், அவனுடைய தேரின் நுகத்தடி நுனி ஒரு தூபியில் இடித்துக் கற்கள் பெயர்ந்தன. அவனால் தூபி சேதமுற்றது என்று அமைச்சர்கள் சொன்னதும், அவன் இறங்கி வீதியில் கிடந்து, தேர்ச்சக்கரத்தால் தன் தலையைத் துண்டிக்கச் சொன்னான். பிறரை வருத்துவதைப் புத்தர் ஏற்பதில்லை, தூபியைச் செப்பனிடுவதே தகும் என்று அவர்கள் தடுக்க, 15 கற்களை மீளப் பதிக்க 15,000 கஹாபண நாணயங்களைச் செலவிட்டான்.

கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலால் தண்டித்த கதையே எல்லாளன் பெயரோடு பெரிதும் பேசப்படுகிறது என்றாலும், தூபிக் கதையே அதனினும் ஆழமானது. எண்ணமில்லை என்ற நியாயம் தனக்கு முழுதும் பொருந்தியும் அரசன் அதற்குள் ஒதுங்கவில்லை. அவனுடைய குற்றவுணர்வு ஓர் உயிரிழப்பாக முடிய அமைச்சரும் விடவில்லை. அதற்கும் முன்னதாக, நேர்ந்ததை அரசனிடமே சொல்ல அவர்களுக்கு இயன்றது.

அந்த அமைச்சர்களைப் போலவே, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பும், விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மீண்டும் நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்கிறது. உரசலை உணர்ந்த சாரதி வேலை போகுமே என்று அஞ்சி வாய்மூடினால், சோதிக்கப்படாத கீறலோடு அந்த விமானம் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும்.