வலக்கையில் மலை

லும்பினித் தூணில், பட்டமேறி 20 ஆண்டு ஆனபின் தாமே நேரில் வந்து வணங்கியதாக அசோகர் எழுதி வைத்திருக்கிறார். புத்தர் பிறந்த ஊர் என்பதால் வரியைத் தள்ளி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். சக்கரவர்த்தியின் பக்தியால் ஊர்க் குடியானவனுக்கும் நாலு மரக்கால் மிஞ்சியிருக்கும். எனக்கு அந்தத் தூணில் பிடித்த வரி அதுதான்.

பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் உபதேசித்த இடம், மறைந்த இடம். ஒருவர் வாழ்ந்த தடம் தேடிப் போகும் யாத்திரைக்குக் காரணமும் காலமும் சொல்லிவிட முடிகிறது. போய்ச் சேர்ந்தால் முடிந்தது.

*

சுற்றி வரும் யாத்திரைக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை. மலையை வலம் வரும் கிரிவலம் யார் தொடங்கியது? புராணம் பார்வதியைச் சொல்லும். ஆண்டு கேட்டால் பதில் இல்லை.

திருவண்ணாமலையில் மலையே லிங்கம். அதனால் ஏறுவதைவிடச் சுற்றுவதுதான் வழிபாடு. 14 கிலோமீட்டர், வெறுங்கால், மலை எப்போதும் வலக்கைப் பக்கம். சாலையின் இடது ஓரமாகவே நடக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதாம். பௌர்ணமிக் கூட்டத்தில் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

வழியில் எட்டு லிங்கங்கள். எமலிங்கத்தைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கடந்துவிடுகிறவர்கள் குபேரலிங்கத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள். அடுத்து வரும் ஈசானியலிங்கம் சுடுகாட்டுப் பக்கம்.

*

கயிலையிலும் சிகரத்தை யாரும் மிதிப்பதில்லை, சுற்றுகிறார்கள். இந்துக்களும் பௌத்தர்களும் வலமாக, திபெத்தின் பொன் (Bön) என்ற பழைய சமயத்தார் இடமாக. ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வருகிறார்கள். இரண்டும் சரி என்று அந்த மலை விட்டுவிட்டது போலிருக்கிறது.

*

இவை எல்லாவற்றிலும் நீளமானது நர்மதை ஆற்றைச் சுற்றும் பரிக்கிரமா. ஒரு கரையோடு கடல்வரை நடந்து, மறுகரையோடு திரும்பி வர வேண்டும். பழைய கணக்கில் 3 வருடம், 3 மாதம், 13 நாள். நடுவில் ஆற்றைத் தாண்டக் கூடாது. கடலில் கலக்கும் இடத்தில் மட்டும் படகு. எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் அன்னம் போட்டாலும் போக முடியாது. தாண்டக் கூடாது என்பதற்காகவே இத்தனை வருடம் நடப்பது, தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஊர் திரும்பும் நமக்கு எளிதில் பிடிபடாது. சர்தார் சரோவர் அணை வந்தபின் பழைய தடத்தில் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது. பரிக்கிரமாவாசிகள் அந்த நீர்த்தேக்கத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.