முதல் சொல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையிலேயே தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். பையில் ஒரு விண்ணப்பப் படிவம். அதில் ‘தொழில்’ என்ற கட்டம் மட்டும் மூன்று நாளாகக் காலி. அப்பாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. நெசவு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். அவரிடம் தறி இருந்தது. என்னிடம் இருப்பவை சில நோட்டுகள்.

(நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம் என்று இந்த ஊரில் மேடையேறிய எல்லோரும் சொல்லியாயிற்று. அவர்களுக்கு முன்பே நன்னூலும் சொல்லிவிட்டது. நான் விட்டுவிடுகிறேன்.)

*

குமரகோட்டம். கூட்டமில்லாத நேரம்.

கச்சியப்ப சிவாச்சாரியார் இங்கே அர்ச்சகர். ஒரு நாளைக்கு நூறு பாட்டு எழுதி, இரவில் சுவடியைக் கருவறையில் வைத்து நடைசாத்துவாராம். காலையில் முருகன் திருத்தி வைத்திருப்பானாம். அப்படித் திருத்தம் பெற்ற கந்தபுராணத்துக்கே அரங்கேற்றத்தன்று முதல் சொல்லில் தடை வந்தது. ‘திகடசக்கரம்.’ திகழ், தசம் இரண்டும் சேரும்போது ழகரமும் தகரமும் போய் டகரம் வருவதற்கு விதி எங்கே என்று கேட்டார்கள். தொல்காப்பியத்தில் இல்லை. முருகனே எடுத்துக்கொடுத்த அடி என்று சொல்லிப் பார்த்தார். சபை அசையவில்லை.

மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து வீரசோழியத்தில் அந்த விதியைக் காட்டினார். வந்தவரும் முருகன்தான் என்கிறது ஊர். வீரசோழியம் செய்த புத்தமித்திரரோ பௌத்தர். முருகன் புராணத்தின் வாசலைத் திறக்க ஒரு பௌத்தரின் இலக்கணம் வேண்டியிருந்திருக்கிறது. கதையில் எனக்கு இனிப்பது இந்த இடம்.

ஆனாலும் மனம் போய் நிற்பது இடையில் வந்த அந்த ஓர் இரவில். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதி முடித்தவர், முதல் சொல்லே நிற்குமா என்று தெரியாமல் படுத்திருந்த இரவு. அப்போது அவரிடம் தொழில் என்னவென்று கேட்டிருந்தால் அர்ச்சகர் என்றுதான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

*

திருவெஃகாவில் பெருமாளுக்குப் பெயரே ‘சொன்ன வண்ணம் செய்தவர்’.

பல்லவ அரசன் தன்னைப் பாடச் சொன்னான். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்தார். ஊரைவிட்டுப் போகச் சொன்னான், போனார். ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது பெருமாளிடம், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்று பாட, அவரும் எழுந்து பின்னால் போய்விட்டார். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகு, பாயை விரித்துக்கொள் என்று இன்னொரு பாட்டு. திரும்பி வந்தவர் திசை மாறிப் படுத்துக்கொண்டார். இன்றும் அப்படித்தான் கிடக்கிறார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிக்கை என்று பாலாற்றங்கரையில் இருக்கிறது.

பெருமாளை எழுப்பிய பாட்டைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்குக் கணிகண்ணன் பாடாமல் விட்ட பாட்டு பெரிதாகப் படுகிறது.

*

இதே ஊரில், 1909-இல், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. 1942-இல் ‘திராவிட நாடு’ இதழ் தொடங்கினார். 1967 ஜூலையில், அவர் முதலமைச்சராக இருந்தபோது, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3-ஆம் தேதி அவர் இல்லை. இருபதே நாள்.

*

மதியம் ‘எழுத்தாளர்’ என்று எழுதிப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் சத்தமாகவே படித்தார். பக்கத்து பெஞ்சிலிருந்த அம்மா எழுந்து வந்தார்.

“எழுதுறவராப்பா நீ? முதியோர் பணத்துக்கு எனக்கொரு மனு எழுதிக் குடேன்.”

மடியிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். முழங்காலில் நோட்டை வைத்து, அதன்மேல் தாளை வைத்தேன். ‘அனுப்பு’ வரை வந்ததும் கை நின்றது. நரா, னரா? எத்தனையோ முறை எழுதிய சொல்தான்.

‘நர்’ என்றே எழுதினேன்.

“பேர் சொல்லுங்கம்மா.”