தலையணைப் பஞ்சும் சேலைப் பஞ்சும்

மிருதுவில் இலவம் பஞ்சுக்குப் பருத்தி ஈடாகாது. மினுமினுப்பும் இலவுக்குத்தான் கூடுதல். அப்படியிருந்தும் அது தலையணைக்குள் போகிறது, பருத்திதான் தறிக்குப் போகிறது. ஏன் என்பதற்கு விடை இழையின் பிறப்பில் இருக்கிறது.

பருத்தி இழை என்பது விதைத் தோலின் மேல் முளைத்து நீளும் ஒற்றைச் செல். காலையில் வெளிர்மஞ்சளாய் விரிந்த பூ மறுநாள் சிவந்து வாடும். அதற்குள் காய்க்குள்ளே இழை வளரத் தொடங்கியிருக்கும். ஏறக்குறைய மூன்று வாரம் நீளவாக்கில் வளரும். பிறகு உட்புறம் செல்லுலோஸ் படலம் படலமாகப் படியும். காய் வெடித்து வெயில் பட்டதும் ஈரம் வற்றி, உருண்டைக் குழலாக இருந்த இழை தட்டையாகி, ரிப்பனைத் திருகியதுபோல் முறுக்கிக்கொள்ளும். நுண்ணோக்கியில் இந்த முறுக்கு தெளிவாகத் தெரியும். நூற்கும்போது ஓர் இழையை இன்னொன்று பிடித்துக்கொள்ளப் பெரிதும் உதவுவது இதுதான்.

இலவம் பஞ்சு விதையில் முளைப்பதில்லை, காயின் உட்சுவரில் முளைக்கிறது. காற்று நிறைந்த வழுவழுப்பான குழல் அது. முறுக்கு இல்லாததால் பிடிப்பும் இல்லை. ஆனால் அந்தக் காற்றினால்தான் மெத்தை மெத்தென்று இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்ததும் அதனால்தான்.

முறுக்குக்கு அடுத்தது நீளம். பஞ்சு பார்க்கத் தெரிந்தவர் ஒரு பிடி எடுத்து, இரு கைக் கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே வைத்து இழுப்பார். பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறுபடி இழுப்பார். இழைகள் நேராகிப் பட்டையாக நிற்கும்போது நீளத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். நீளம் கூடினால் நூலை மெல்லியதாக இழுக்கலாம். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே கவுண்ட், அதாவது நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம் ஓடும். கோவையில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் ரகத்தில் 120-ஆம் நம்பர் நூற்கலாம். அதே ஒரு பவுண்டில் ஏறத்தாழ 92 கிலோமீட்டர்!

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கருங்கண்ணி இந்த நீளப் போட்டியில்தான் தோற்றது. கரிசல் மண்ணில், மானாவாரியாக, வறட்சியைத் தாங்கி நின்ற நாட்டு ரகம் அது. ஆனால் இழை குட்டை. கிணற்றுப் பாசனத்தில் கம்போடியா என்ற ரகம் வந்தது. அதன் வழியில் வந்த எம்சியு ரகங்களின் பெயரிலேயே மெட்ராஸும் கம்போடியாவும் உகாண்டாவும் இருக்கின்றன. 2002-இல் மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு நாட்டுப் பருத்தி மேலும் ஒதுங்கிவிட்டது. மழையை மட்டும் நம்பி உழுகிறவனுக்கு எது தாங்கும் என்ற கேள்வியை ஆலையின் அளவுகோல் ஒருபோதும் கேட்பதில்லை. எனக்கு அது தீராத குறை.

வியாபாரத்தில் பருத்தி வேறு, பஞ்சு வேறு. விவசாயி குவிண்டால் கணக்கில் விற்பது கொட்டையோடு கூடிய பருத்தி. அதை அரைத்துக் கொட்டை நீக்கியபின் மில் வாங்குவது பஞ்சு. அதற்கு விலை சொல்வது கண்டிக்கு, அதாவது சுமார் 356 கிலோவுக்கு. நூறு கிலோ பருத்தியில் பஞ்சு மூன்றில் ஒரு பங்குதான் தேறும். செய்தித்தாளில் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, இடைவெளி முழுவதும் இடைத்தரகர் லாபம் என்று நினைத்துவிடக்கூடாது.

மீதி பெரும்பாலும் கொட்டை. மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுப்பார்கள், எண்ணெய் எடுப்பார்கள். மதுரையில் அதன் பாலைப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சினால் பருத்திப்பால்.

செடியிலிருந்து வந்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் சட்டென்று நனையாது. இழைமேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. எண்ணெயை அது நன்றாக ஏற்கும், அதனால் விளக்குத் திரிக்கு அப்படியே திரிக்கலாம். காயத்தில் வைக்கும் பஞ்சு அப்படியல்ல: காரத்தில் வேகவைத்து மெழுகைப் போக்கி, வெளுத்தபின்தான் இரத்தத்தை உறிஞ்சும்.