உள்ளத்து அமைதியும் ஞானாசிரியரும்

உலகில் துன்பத்தைத் தேடிச் செல்லும் மனிதன் ஒருவனுமிலன். ஏழையும் செல்வனும், படித்தவனும் படியாதவனும் ஓடுகின்ற ஓட்டமெல்லாம் இன்பத்தை நாடித்தான். பொருள் சேர்ந்தால் நிம்மதி வருமென்று ஒருவன் கடல் கடந்து செல்கிறான். பதவி கிடைத்தால் நிம்மதி வருமென்று மற்றொருவன் பல வாசல்களில் காத்து நிற்கிறான். பொருளும் வருகிறது, பதவியும் வருகிறது, ஓட்டு வீடு மாடி வீடாகிறது. ஆனால் இரவில் தலையணையில் தலை சாய்த்தால் உறக்கம் மட்டும் வருவதில்லை!

கல்புகள் அமைதி பெறுவது அல்லாஹ்வின் திக்ரைக் கொண்டுதான் என்று திருக்குர்ஆனின் ரஅது அத்தியாயம் 28ஆம் வசனம் நமக்குத் தெளிவாக அறிவிக்கின்றது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகின்றது. நாம் ஐவேளை தொழுகிறோம், யாஸீன் ஓதுகிறோம், தஸ்பீஹ் மணியை உருட்டுகிறோம். பின் ஏன் நம் உள்ளத்தில் அமைதி குடியேறவில்லை?

இக்கேள்விக்கு விடை காண, தம் வாழ்விலேயே இதை அனுபவித்து விடை கண்ட ஒரு பெரியாரை நாம் அணுகுவோம். அவர்கள்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

நாவடைத்த பேராசிரியர்

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450ல் (கி.பி. 1058) பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தார்கள். நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்றார்கள். ஹிஜ்ரி 484ல் (கி.பி. 1091) அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாதிலுள்ள நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியராக நியமித்தார். அன்றைய முஸ்லிம் உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று. முந்நூறு மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து பாடங் கேட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது நாற்பதுகூட நிரம்பவில்லை.

பொருள், பதவி, புகழ், கல்வி ஆகிய நான்கும் ஒருங்கே கிடைத்த பின்னர் என்ன குறை? குறை வெளியில் இல்லை, உள்ளே இருந்தது. தம் போதனையின் நிய்யத்தை அவர்கள் தாமே ஆராய்ந்தபோது, அது அல்லாஹ்வுக்காக மட்டும் இல்லையென்றும், மதிப்பும் பெயரும் பெறும் ஆசை அதில் கலந்திருக்கிறதென்றும் கண்டுகொண்டார்கள். விட்டுவிடுவோம் என்று காலையில் துணிவார்கள். மாலையில் அத்துணிவு கரைந்துவிடும். ஒரு காலை முன்னே வைத்தால் மறு காலைப் பின்னே இழுத்துக் கொள்வார்கள். இப்படி ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன.

ஹிஜ்ரி 488 ரஜபு மாதத்தில் (கி.பி. 1095) தொடங்கிய அப்போராட்டம் முற்றிய நிலையில் அவர்கள் நா கட்டுண்டது. பாடம் சொல்ல முயன்றாலும் ஒரு சொல் வெளிவரவில்லை. உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தோன்றி உடலில் பரவிய நோய், உள்ளக் கவலை தீர்ந்தாலன்றி மருந்தால் தீராது என்று கைவிரித்து விட்டார்கள்.

அந்நிலையில் இமாம் அவர்கள் அல்லாஹ்விடம் மன்றாடினார்கள். அல்லாஹ் அவர்களின் உள்ளத்துக்கு எளிதாக்கினான். பிள்ளைகளின் பிழைப்புக்குப் போதுமானதை மட்டும் வைத்துவிட்டு, ஏனைய பொருளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதே ஆண்டு துல்கஃதா மாதத்தில் பக்தாதை விட்டு வெளியேறினார்கள். திமிஷ்க்குப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸிலும் தங்கினார்கள். பின் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள்.

அறிந்தும் அமைதி இல்லை, ஏன்?

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இமாம் அவர்களுக்கு ஞானமார்க்கத்தின் விஷயங்கள் தெரியாமலா இருந்தன? அபூதாலிப் மக்கீ (ரஹ்) அவர்களின் நூலையும், ஹாரிதுல் முஹாஸிபீ (ரஹ்) அவர்களின் நூல்களையும், ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) போன்ற மேலோர்களின் மொழிகளையும் அவர்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். ஆனால் ஆரோக்கியம் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்வது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று அவர்களே எழுதுகின்றார்கள். நோயுற்ற வைத்தியனுக்கு ஆரோக்கியத்தின் இலக்கணமும் மருந்தும் தெரியும். ஆரோக்கியந்தான் அவனிடம் இல்லை.

இன்று நம் வீடுகளில் நடப்பதும் இதுவே அன்றோ? பயான் கேட்பதில் நமக்குக் குறைவில்லை. முன்பு ஒலிநாடாவில் கேட்டோம். இப்போது கைப்பேசியில் கேட்கிறோம். பொறுமையைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, சோற்றில் உப்புக் குறைந்ததென்று மனைவியின் மீது சீறுகிறோம். கேட்டது காதில் நின்றுவிட்டது, கல்பில் இறங்கவில்லை.

கேட்டதைக் கல்பில் இறக்குவதற்குத்தான் ஒரு வழிகாட்டி வேண்டும். இமாம் அவர்களுக்கும் அப்படியொருவர் வாய்த்திருந்தார்கள். அவர்கள் பெயர் அபூஅலீ ஃபார்மதீ (ரஹ்). இமாம் அவர்கள் இளமையில் அப்பெரியாரின் ஸுஹ்பத்தை அடைந்து, அவர்கள் காட்டிய வணக்கங்களையும் நபிலுகளையும் திக்ரையும் மேற்கொண்டார்கள். ஆயினும் தேடியது அப்போது கைகூடவில்லை. ஹிஜ்ரி 477ல் (கி.பி. 1084) அந்த ஷெய்கு மறைந்தார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்தே, பக்தாதில் புகழின் உச்சியில் இருந்தபோது, அவர்கள் விதைத்த விதை மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவந்தது.

ஆகவே, பைஅத்துச் செய்த மறுநாளே நெஞ்சு குளிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. ஷெய்கு நிம்மதியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பவரல்லர். நிம்மதியைக் கெடுப்பது எது என்று நமக்குக் காட்டிக் கொடுப்பவர்.

குறை காட்டும் நான்கு வழிகள்

தன் முகத்திலுள்ள கறையைத் தன் கண்ணால் காண முடியாது. அதுபோல் தன் நப்ஸின் குறையைத் தானே காண்பது அரிது. அதை அறிய நான்கு வழிகளை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் கூறுகின்றார்கள். முதலாவது, உள்ளத்து நோய்களை அறிந்த ஒரு ஷெய்கின் முன் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு நடப்பது. இரண்டாவது, உண்மையும் மார்க்கப் பற்றுமுள்ள ஒரு நண்பனைத் தன்மீது கண்காணியாக வைத்துக் கொள்வது. மூன்றாவது, பகைவனின் நாவிலிருந்து தன் குறையைத் தெரிந்து கொள்வது. நான்காவது, பிற மனிதரிடம் எதைக் கண்டு வெறுக்கிறோமோ அது நம்மிடமும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது.

அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் தம் குறையை எடுத்துச் சொல்பவருக்காகத் துஆச் செய்பவர்களாக இருந்தார்கள். ஸல்மானுல் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் வந்தபோது, என்னைப் பற்றி நீர் வெறுக்கத்தக்க செய்தி எதுவும் கேள்விப்பட்டீரா என்று வற்புறுத்திக் கேட்டார்கள். ஒரே வேளை உணவில் இருவகை ஆணம் வைத்துக் கொள்வதாகவும், பகலுக்கு ஓர் ஆடை இரவுக்கு ஓர் ஆடை வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன் என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அவர்கள் சினம் கொள்ளவில்லை. பெரும் நிலப்பரப்பை ஆண்ட கலீபாவே தம் குறையைக் காட்டுமாறு கேட்டார்களென்றால், நமக்கு அது தேவையில்லையா?

ஓர் உதாரணம் பாருங்கள். வியாபாரத்தில் பரக்கத்து இல்லை, வீட்டில் ஓயாத சச்சரவு, பிள்ளைகள் சொல் கேட்பதில்லை என்று ஒருவர் ஒரு பெரியாரிடம் வருகிறார். ஓதி ஊதித் தண்ணீர் தாருங்கள், தாயத்துக் கட்டித் தாருங்கள் என்று கேட்கிறார். போலியாக இருந்தால் உடனே காணிக்கை வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுத்துவிடுவார். உண்மையான ஷெய்கு கேட்பார்: “வாப்பா விட்டுப்போன சொத்தில் உங்கள் ராத்தாவின் பாகத்தைக் கொடுத்துவிட்டீர்களா?”

வந்தவரின் முகம் மாறும். அவள் கேட்கவில்லை, கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பினோம் என்று காரணங்கள் வரும். ஆனால் நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் பெண்ணுக்கு வரையறுத்து வைத்த பாகம் நகையால் கழிந்துவிடுமா? வெட்கத்தால் அவள் கேளாதிருப்பது விட்டுக் கொடுத்ததாகுமா? அந்தப் பாகம் வீட்டுக்குள் இருக்கும் வரை எத்தனை ஆயிரம் தஸ்பீஹ் உருட்டினாலும் கல்பு எப்படி அமைதியடையும்? அதை உரியவளிடம் ஒப்படைத்த அன்றிரவு அவர் உறங்கும் உறக்கத்தைத்தான் நாம் நிம்மதி என்கிறோம்.

உண்மையான ஷெய்கு யார்?

இமாம் அவர்கள் தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய ‘அய்யுஹல் வலத்’ என்னும் சிறு நூலில் இதற்கு அடையாளங்கள் சொல்லியுள்ளார்கள். துன்யாவின் மீதும் பதவியின் மீதும் ஆசை நீங்கியவராக இருக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வரை செல்லும் தொடரில் தாமும் ஒரு வழிகாட்டியைப் பின்பற்றியவராக இருக்க வேண்டும். உணவையும் பேச்சையும் உறக்கத்தையும் குறைத்து, தொழுகையையும் தர்மத்தையும் நோன்பையும் பெருக்கித் தம் நப்ஸைப் பழக்கியவராக இருக்க வேண்டும். பயிரின் நடுவே முளைத்த முள்ளையும் களையையும் உழவன் பறித்தெறிவது போல, முரீதின் தீய குணங்களை அவர் களைகிறார் என்பது இமாம் அவர்கள் தரும் உவமை.

எனவே, ஷரீஅத்தைத் துச்சமாகப் பேசுபவரும், மஅரிபத்தை அடைந்தவருக்குத் தொழுகை வேண்டாமென்பவரும், அன்னியப் பெண்களைத் திரையின்றித் தனியே சந்திப்பவரும், முரீதின் பணப்பையை நோக்குபவரும் ஷெய்கு அல்லர். அத்தகையோரை விட்டு நம் குடும்பங்களைக் காப்பது நம் கடமை.

மூஸா (அலை) அவர்கள் கிள்ரு (அலை) அவர்களோடு சென்ற வரலாற்றைச் சிலர் இதற்கு ஆதாரமாகத் திரிக்கின்றனர். கஹ்ஃபு அத்தியாயம் விவரிக்கும் அவ்வரலாற்றில் கப்பல் துளையிடப்பட்டது, சிறுவன் கொல்லப்பட்டான், சுவர் கூலியின்றிச் செப்பனிடப்பட்டது. அவற்றைத் தம் இஷ்டப்படி செய்யவில்லை என்று கிள்ரு (அலை) அவர்களே கூறிவிட்டார்கள். அது அல்லாஹ் அவர்களுக்கு அளித்த தனி அறிவு. நாம் அதிலிருந்து கொள்ள வேண்டியது பொறுமையும் பணிவுமே அன்றி, ஷரீஅத்தை மீற அனுமதியன்று. படைத்தவனுக்கு மாறுசெய்து படைப்புக்கு வழிப்படுதல் இல்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

முரீதின் பங்கு

ஷரீஅத்தின் எல்லைக்குள் ஷெய்கு சொல்வதை மனக்கசப்பின்றி ஏற்பது முரீதின் பங்கு. ஃபார்மதீ (ரஹ்) அவர்கள் ஒருமுறை தம் ஷெய்கு அபுல் காஸிம் குர்கானீ (ரஹ்) அவர்களிடம் ஒரு கனவைக் கூறினார்கள். கனவில் தாங்கள் ஒன்று சொன்னீர்கள், அது ஏன் என்று நான் கேட்டேன் என்றார்கள். ஷெய்கு ஒரு மாத காலம் அவர்களோடு பேசவில்லை. உம் உள்ளத்தில் மறுப்புக்கு இடம் இல்லாதிருந்தால் உறக்கத்திலும் அது நாவில் வந்திராது என்று காரணம் சொன்னார்கள். உறக்கத்தில் தெரிந்த களையையும் பறித்த உழவர் அவர்கள்!

நம் தமிழகத்திலும் இவ்வழி தழைத்திருந்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) பெரும் கல்விக் கடல். அரபியிலும் அரபுத் தமிழிலும் பல நூல்கள் இயற்றியவர்கள். அவர்களே தம் மாமனார் தைக்கா சாகிபு வலீ (ரஹ்) அவர்களின் கரம் பற்றி முரீதாக இருந்தார்கள். கற்றவருக்கு வழிகாட்டி வேண்டாம் என்பது நம் முன்னோர் அறியாத கொள்கை.

ஷெய்கு கிடைக்காதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். அவர் மனம் தளர வேண்டாம். மற்ற மூன்று வழிகளும் நம் வாசலிலேயே இருக்கின்றன. கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் அந்த உண்மை நண்பனாக இருக்கலாம். இஷாவுக்குப் பின் சிறிது நேரம் அமர்ந்து, இன்று யாருடைய மனத்தை நோகடித்தோம், யாருக்கு என்ன பாக்கி வைத்தோம் என்று கணக்குப் பார்க்கலாம். திக்ரும் இஸ்திக்ஃபாரும் ஸலவாத்தும் கொஞ்சமானாலும் நாள் தவறாமல் ஓதலாம். நல்ல வழிகாட்டியைத் தருமாறு றப்பிடம் துஆக் கேட்டுக் கொண்டே இருக்கலாம். தேடுபவனை அவன் வெறுங்கையோடு விடுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 499ல் (கி.பி. 1106) நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். அதே மத்ரஸா வேலைதான். அதே மாணவர் கூட்டந்தான். ஆனால் முன்பு தாம் பரப்பியது பதவியைத் தேடித் தரும் கல்வி, இப்போது அழைப்பது பதவியாசையைத் துறக்கச் செய்யும் கல்விக்கு என்று அவர்களே எழுதி வைத்தார்கள். வேலை மாறவில்லை, நிய்யத்து மாறிற்று. கட்டுண்ட நாவும் அவிழ்ந்தது. ஹிஜ்ரி 505ல் (கி.பி. 1111) பிறந்த ஊராகிய தூஸிலேயே அவர்கள் மறைந்தார்கள்.

நாமும் கடையை மூடிவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதே கடையில், அதே அடுப்பங்கரையில், அதே அலுவலகத்தில் நம் கல்பு மாற வேண்டும். கொடுக்க வேண்டிய பாகத்தைக் கொடுத்து, பேசாதிருக்கும் உறவோடு பேசி, நம் குறையைக் காட்டுபவரை நன்றியோடு ஏற்றுக் கொண்டால் நிம்மதி தானே வந்து சேரும்.

வல்ல அல்லாஹ் நம் கல்புகளின் களைகளைப் பறித்தெறிந்து, நேர்வழி காட்டும் நல்லோர்களின் ஸுஹ்பத்தை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யாறப்பல் ஆலமீன்!