அவசரப்படுத்தும் மின்னஞ்சல்

கட்டடச் சந்தை ஏறும், இறங்கும். 1992இல் ரொறன்ரோவின் ஒலிம்பியா அண்ட் யோர்க் என்ற கட்டடப் பெருநிறுவனமே கடனில் சாய்ந்தது. 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடிய மத்திய வங்கி வட்டி, 2023 ஜூலையில் 5 சதவீதமானது. றிச்மண்ட் ஹில்லில் கடன் எடுத்துக் கடையோ அலுவலகமோ வாங்கும் நம்மவர்கள் இந்தச் சுழற்சியை அறிந்திருக்க வேண்டும்.

இறக்கத்தில் விற்பவருக்குப் பயம், வாங்குபவருக்கு ஆசை. மோசடிக்காரர் நுழைவது அங்கேதான். "இன்றே முற்பணம் அனுப்புங்கள், வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் சட்டத்தரணியின் பெயரிலேயே மின்னஞ்சல் வரும். 2017இல் எட்மன்டனின் மக்இவன் பல்கலைக்கழகம், கட்டட ஒப்பந்தக்காரர் எழுதியதுபோல் வந்த மின்னஞ்சலை நம்பி 1.18 கோடி டொலரை அனுப்பியது. படித்தவர்கள் நிறைந்த இடம் அது! அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தாலே தப்பியிருக்கலாம்.

அப்படி அழைக்கும்போது மின்னஞ்சலில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் வங்கிக்கும் யோர்க் பிராந்தியக் காவல்துறைக்கும் அன்றே சொல்லுங்கள். மக்இவன் இழந்ததில் பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது.