தெருவின் உரிமை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சமயம் தம் தோழர்களிடம், பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளும்படி கூறினார்கள். உட்கார்ந்து பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அது என்ன உரிமை? பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது. அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரு கிதாபுகளிலும் இருக்கிறது. மதரஸாவில் ஓதிய நாளிலிருந்து நாம் அறிந்ததுதான். ஆனால் அதன் கனம் எனக்கு விளங்கியது, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் லாமு என்னும் சிறு பட்டினத்தின் தெருக்களில் நடந்தபோதுதான்.

கென்யா நாட்டின் வடகரையை ஒட்டிய ஒரு தீவில் இருக்கிறது லாமு. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் ஊர். 2001-ல் யுனெஸ்கோ நிறுவனம் இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. வடகிழக்குப் பருவக்காற்றில் அரபு நாட்டிலிருந்தும் இந்தியக் கரையிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் வரும்; தென்மேற்குக் காற்று எழுந்ததும் யானைத் தந்தம், கண்டல் மரக்கம்புகள், தானியம் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பும். இன்னொரு சரக்கும் ஏறியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும். பழைய நகரின் தெருக்களில் கார் நுழையாது. சில சந்துகளில் எதிரே ஒரு கழுதை சுமையோடு வந்தால் நாம் சுவரோடு சுவராக ஒண்டிக்கொள்ள வேண்டும். இருபுறமும் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய உயர்ந்த சுவர்கள். வாசலில் நுணுக்கமாகச் செதுக்கிய மரக்கதவு. அதன் இரு பக்கமும் கல் திண்ணை. அவர்கள் இதை ‘பராஸா’ என்கிறார்கள். நமக்கு அது திண்ணையேதான். அஸருக்குப் பிறகு பெரியவர்கள் அதில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரியாத என்னைக் கண்டதும் ஸலாம் கூறினார்கள், அடுத்த திண்ணையிலும் ஸலாம், அதற்கடுத்ததிலும் ஸலாம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்கள். தொழுகை முறையில் நம் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் அவர்களுக்கும் வேற்றுமை காண்பது அரிது. சில இடங்களில் தெருவுக்கு மேலாக இரு வீடுகளின் மாடிகளை இணைத்து ஓர் அறை பாலம்போல் கட்டப்பட்டிருக்கிறது. பெண்கள் தெருவில் இறங்காமலே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்ல அந்த ஏற்பாடு. காயல்பட்டினத்தில் பெண்கள் நடக்கும் முடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

வீட்டுக்குள் நுழைந்தால் அறைகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கின்றன. கூரையைத் தாங்கும் கண்டல் மரக்கம்பு எட்டும் அளவுக்குத்தான் அறையின் அகலம். மூன்று மீட்டர்கூட இராது. உள்ளறையில் சுவர் முழுவதும் வரிசை வரிசையாகச் சிறு மாடங்கள். சீனத்துப் பீங்கான்களும் கிதாபுகளும் அவற்றில் வைக்கப்பட்டிருந்தன. சுண்ணாம்பில் இப்படியொரு நேர்த்தியா என்று வியந்து நிற்கலாம். நானும் நின்றேன்.

பிறகு கீழ்த்தளத்தைப் பார்த்தேன். செல்வர்களின் மாடி வீடுகளில் குடும்பம் மேலே வாழ்ந்தது. காற்றும் வெளிச்சமும் குறைந்த கீழ்த்தளம் சரக்குக்கும் அடிமைகளுக்கும் உரியது. இதுதான் நான் பிறகு சொல்வதாகக் கூறிய சரக்கு. 19-ஆம் நூற்றாண்டில் எதிர்க்கரையின் தானியப் பண்ணைகளில் உழைத்தவர்கள் அடிமைகளே. இந்தச் சுவர்களுக்குக் கல் சுமந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே.

இன்னொரு வழக்கம் என் மனத்தை அதைவிட வருத்தியது. அக்காலத்தில் உயர்குடிப் பெண் வெளியே போக நேர்ந்தால், கூடாரம்போன்ற ஒரு பெரிய துணிக்குள் மறைந்து செல்வாள். அதை ‘ஷிராஆ’ என்றார்கள். அதன் கோல்களைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் அடிமைப் பெண்கள். அந்தக் கரையின் பட்டினங்களில் அடிமைப் பெண் தன்னைச் சீமாட்டிபோல் மூடிக்கொள்ள அனுமதியில்லை; அடிமை ஆண் தலைப்பாகை அணியவோ செருப்புப் போடவோ கூடாது. யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! ஒருத்தியின் பர்தாவைச் சுமக்க இன்னொருத்தி பர்தா இல்லாமல் நடந்தாள். நாணத்தைக் காக்க வந்த மார்க்கச் சட்டம் அங்கே குலப்பெருமையின் அடையாளமாகிவிட்டது.

அந்த ஊர்வலம் கடந்துபோன தெருவில் இதே திண்ணைகள் இருந்தன. பெரியவர்கள் இதேபோல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் பார்வையைத் தாழ்த்தியிருப்பார்கள். ஸலாத்துக்கும் பதில் சொல்லியிருப்பார்கள். பாதையின் உரிமைகளில் கடைசியாகச் சொல்லப்பட்ட இரண்டும் என்னவாயின?

அவர்களைப் பக்தியில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டால் கேள்வி எளிதாகிவிடும். ஆனால் அது உண்மையன்று. இத்தனை பள்ளிவாசல்களைக் கட்டியவர்கள், ஐந்து நேரமும் தொழுதவர்கள், ரமழானில் வாரி வழங்கியவர்கள் அவர்கள். இப்னு பதூதா 1331-ல் இந்தக் கரையோரமாகப் பயணம் செய்து, தெற்கே கில்வா நகரை அடைந்தார். அந்நாட்டு சுல்தானின் கொடைத் தன்மையைப் புகழ்ந்து ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஜும்ஆ முடிந்து வந்த சுல்தானிடம் ஓர் ஏழை, அவர் உடுத்தியிருந்த ஆடையையே கேட்டான். சுல்தான் தயங்காமல் கழற்றிக் கொடுத்தார். சுல்தானின் மகன் அந்த ஆடையை ஏழையிடமிருந்து திரும்பப் பெற்று, ஈடாகப் பத்து அடிமைகளைக் கொடுத்தார். இதைக் கேள்வியுற்ற சுல்தான் மேலும் பத்து அடிமைகளும் இரண்டு சுமை தந்தமும் கொடுக்கச் சொன்னார். வள்ளல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆடைக்கு ஈடாகப் பத்து மனிதர்கள்! எழுதியவர் கல்வியில் சிறந்த காழி. அவருடைய பேனா அந்த இடத்தில் ஒரு கணமும் தயங்கவில்லை.

அது அந்தக் காலத்து வழக்கம், அன்றிருந்தவர்களை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்று நம்மில் பலர் சொல்வோம். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அட்லாண்டிக் கடலில் ஐரோப்பியர் நடத்திய அடிமை வணிகம் இதைவிடப் பெரியது என்பதும் உண்மையே. மரணப் படுக்கையிலும், குற்றப் பரிகாரமாகவும் அடிமைகளை விடுதலை செய்த நல்லவர்கள் இந்தக் கரையிலும் இருந்தார்கள்.

ஆயினும் அந்த வாதம் என் மனத்துக்கு முழு ஆறுதல் தரவில்லை. அளவுகோல் இன்றையதாக இருந்தால் அல்லவா அந்தச் சாக்கு செல்லும்? அது அவர்கள் கையிலேயே இருந்ததே! திருக்குர்ஆனின் 90-ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே ‘அல்பலத்’, அதாவது நகரம். மனிதன் ஏறத் தயங்கும் கடினமான மலைப்பாதை எது என்று கேட்டு, அடிமையை விடுவிப்பதையே அதற்கு முதல் விடையாகக் கூறுகிறது அந்த ஸூரா. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள் என்று போதித்தார்கள். பிற்காலத்தில் ரபதா என்ற இடத்தில் அபூதரைக் கண்டவர், அவரும் அவருடைய பணியாளும் ஒரே வகை ஆடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்தார். உடையில் வேற்றுமை கூடாது என்பதை அந்த ஸஹாபி நேரடியாகவே புரிந்துகொண்டார். லாமுவின் ஆலிம்களும் இந்த ஹதீஸை ஓதிக்கொடுத்திருப்பார்கள். வாசலுக்கு வெளியே ஷிராஆ போய்க்கொண்டிருந்திருக்கும்.

1873-ல் ஸன்ஸிபார் சுல்தான் பர்கஷ் கடல்வழி அடிமை வணிகத்தைத் தடை செய்தார். பிரிட்டிஷ் கடற்படையின் மிரட்டலுக்குப் பணிந்தே கையெழுத்திட்டார். கென்யக் கரையில் அடிமை நிலை சட்டப்படி ஒழிந்தது 1907-ல். அதுவும் அந்நிய ஆட்சியின் சட்டத்தால். நம் வேதத்தில் இருந்ததை நமக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

ஊரின் தென்பகுதிக்கு லங்கோனி என்று பெயர். பெரிய கல் வீடுகள் குறைந்து, மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்த எளியோர் பகுதி அது. கொமோரோ தீவில் பிறந்து இளமையில் லாமு வந்த ஹபீப் ஸாலிஹ் என்ற ஸய்யித் பெருமகனார் இங்கே வந்து குடியமர்ந்தார். ஜமலுல் லைல் என்னும் உயர்ந்த வமிசம். விரும்பியிருந்தால் எந்தத் திண்ணையிலும் அவருக்கு முதலிடம் கிடைத்திருக்கும். அவரோ அடிமைகளையும் விடுதலை பெற்றவர்களையும் பிழைக்க வந்த அந்நியர்களையும் கூட்டி வைத்து ஓதிக்கொடுத்தார். அதுவரை அவர்களுக்கு எட்டாதிருந்த கல்வி அது. ஹளரமவுத்தின் அலீ அல்ஹபஷி அவர்கள் இயற்றிய மௌலிதைத் தஃப் முழங்க அவர்களோடு சேர்ந்து ஓதினார். பெரிய வீட்டார் முகம் சுளித்தார்கள்; பள்ளிவாசலில் மேளமா என்று ஆட்சேபித்தார்கள். மேளம்தான் அவர்களை உறுத்தியதா, அல்லது அதைத் தட்டிய கைகளா என்பதை அல்லாஹ்வே அறிவான். 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அங்கே எழுந்த ரியாளா பள்ளிவாசலும் மதரஸாவும் இன்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் கல்வி நிலையமாக விளங்குகின்றன. ஹபீப் ஸாலிஹ் 1935-ல் மறைந்தார். அவர் சட்டம் எதையும் மாற்றவில்லை. திண்ணையிலிருந்து எழுந்து போய், சுமை தூக்குபவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். காலத்தின் வழக்கம் கண்ணை மறைத்துவிடும் என்கிறோமே, அதே காலத்தில் அதே ஊரில் இருந்த இவர் கண்ணை அது மறைக்கவில்லை.

திரும்பி வரும்போது தெருவில் பெண்கள் கறுப்பு ‘புய்புய்’ அணிந்து போய்க்கொண்டிருந்தார்கள். நம் துப்பட்டிபோல உடலை மூடும் ஆடை. அடிமை நிலை ஒழிந்தபின் விடுதலை பெற்ற பெண்களும் விரும்பி எடுத்து அணிந்தது இந்த உடை. தடுக்கப்பட்டிருந்த கண்ணியத்தை அவர்கள் தாமே எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். இன்று யாருடைய பாட்டி ஷிராஆவுக்குள் நடந்தாள், யாருடைய பாட்டி கோல் பிடித்தாள் என்பது உடையைப் பார்த்துத் தெரியாது.

எனக்கு நம் வீடுகளின் ஞாபகம் வந்தது. நம் அடுப்படியில் வேலை செய்யும் பெண்ணுக்கென்று தனியே ஒதுக்கிய கோப்பை எந்தப் பிறையில் இருக்கிறது என்று யோசித்தேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

மஃரிபுக்கு பாங்கு சொன்னார்கள். மீண்டும் ரியாளாவுக்கே போனேன். படிக்கட்டில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தொழுது முடித்து வெளியே வந்து, என்னுடையதைத் தேடி எடுக்க வெகு நேரம் ஆயிற்று.